மேலே இரண்டு லோடு செம்மண்

போன மாதம் ஒரு மழை விட்ட மறுநாள் என் மகள் அரியாங்குப்பத்திலிருந்து உப்பளத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். செய்தித்தாளில் சுற்றிய எதையோ பையிலிருந்து எடுத்து என் மேசைமேல் வைத்தாள்.

"அப்பா, கீரைப் பாத்தி கொத்தும்போது கெடைச்சுது. பம்பரமா இது?"

பம்பரம் இல்லை. கருத்துப்போன மரக்கட்டை, நடுவில் துளை, ஒரு முனையில் துருப்பிடித்த வளையம். மில்லில் நூல் சுற்றும் பாபின். எடுத்து முகர்ந்து பார்த்தேன். என் மூக்குக்கு ரசமும் சாம்பாரும் ஒன்று என்பது வீட்டில் நிரந்தரக் கேலி. ஆனாலும் இந்த வாசனையைத் தெரியாதா? அழுகிய முட்டையைத் தாரில் போட்டுக் கொதிக்கவைத்தது போல. எங்கள் மில்லின் சாயக்கூடம்.

அந்த மில்லில் நான் ஸ்டோர் குமாஸ்தாவாக இருந்தேன். பீப்பாய், சாக்கு, பாபின் கூடை என்று எண்ணுவதுதான் வேலை. வேலை போன பிறகும் எண்ணிக்கை போகவில்லை. பஸ்ஸில் ஏறினால் தலைகளை எண்ணுவேன். கல்யாணப் பந்தியில் அப்பளத்தை எண்ணி, பக்கத்து இலைக்காரர் முறைத்ததும் உண்டு.

சாயக்கூடத்தில் மேஸ்திரி காதர் பாய். முழங்கை வரை நீலம். பெருநாளைக்கு வெள்ளைச் சட்டை போட்டு அத்தர் பூசி வருவார். கையை மட்டும் பின்னால் கட்டிக்கொள்வார். அவர் தொட்டியைத் திறந்துவிட்டால் மில்லுக்குப் பின்னால் ஓடிய வாய்க்கால் நிறம் மாறும். தெருப் பெண்கள் அதைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள்: "பாய் இன்னைக்கு மஞ்சள் போட்டிருக்காரு, துணியை அலசாதீங்கடி!" கறுப்பு போட்ட நாளில் வாய்க்கால் பக்கம் நாயும் போகாது.

தொட்டிக்கு அடியில் தங்கும் கசடை அள்ளி, கொல்லைப் பக்கம் வெட்டிய குழியில் கொட்டுவார்கள். குழி நிரம்பினால் மேலே பாய்லர் சாம்பல், அதற்கு மேலே செம்மண். பக்கத்தில் இன்னொரு குழி. வெளியிலிருந்து யாராவது பார்வையிட வருகிறார்கள் என்றால், முதல்நாளே புதுச் செம்மண் இறங்கும். பிரெஞ்சுக்காரன் போய் எத்தனையோ காலம் ஆகியும் மானேஜரை 'முசே' என்றுதான் கூப்பிடுவோம். "முசே ஆளுங்களைக் கூட்டிட்டு வராரு!" என்று குரல் வந்தால் காதர் பாய் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடுவார். "செம்மண்ணு போட்டுட்டா கல்யாண வீட்டு வாசல் மாதிரி ஆயிடும் தம்பி. பொண்ணு மாப்பிள்ளைதான் பாக்கி" என்பார்.

கொல்லையிலேயே ஒரு கிணறு இருந்தது. நாங்கள் எல்லோரும் குடிப்போம், பாய் குடிக்கமாட்டார். வீட்டிலிருந்து ஒரு பித்தளைக் கூஜாவில் தண்ணீர் வரும். நான் ஒருநாள் சீண்டினேன். "என்ன பாய், எங்க தண்ணி உங்களுக்கு ஆவாதா?"

"நான் கொட்டுறதெல்லாம் எங்க போவுது, மேலயா ஏறும்? நீ குடி தம்பி. உனக்கு வயசு இருக்கு."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்துக்கொண்டே கிணற்றுத் தண்ணீரைக் குடித்தேன். பிற்பாடு அவர் மௌத்தானபோது, குளிப்பாட்டியும் நகக்கண்ணில் நீலம் போகவில்லை என்று அவர் மகன் என்னிடம் சொன்னான்.

மில் மூடியது. முள் மண்டியது. இப்போது சில வருஷமாக அங்கே அடுக்குமாடி வருகிறது, முன்னால் பூங்கா. கட்டுவதற்கு முன் கெட்ட மண்ணையெல்லாம் தோண்டி அப்புறப்படுத்துகிறோம் என்று தகரவேலியில் பெரிதாக எழுதியிருந்தார்கள். நடைப்பயிற்சிக்குப் போகும்போது வேலியோரம் நின்று பார்ப்பேன். லாரி லாரியாகப் போயிற்று. சந்தோஷமாக இருந்தது. காதர் பாய் இருந்தால் சொல்லியிருக்கலாம் என்றுகூட நினைத்தேன்.

லாரிகள் எங்கே போகின்றன என்று நினைக்கவில்லை.

அதே சமயத்தில்தான் மகள் அரியாங்குப்பத்தில் மனை வாங்கியிருந்தாள். பள்ளமான இடம். நம் ஊரில் வீடு கட்டுகிறவன் முதலில் செய்வது ரோட்டைவிட உயரமாக மண் அடிப்பது. இல்லாவிட்டால் கார்த்திகை மழையில் கட்டிலுக்கு அடியில் மீன் வரும். மண் அடிப்பதில் லாரிக்காரர்கள் லோடு கணக்கில் ஏமாற்றுவார்கள் என்பதால் மேற்பார்வையை நான் ஏற்றுக்கொண்டேன். குடை பிடித்து நின்று, லோடுக்கு ஒரு கோடாக மதிலில் செங்கல்லால் கிழித்தேன். இருபத்திரண்டு லோடு, ஒன்றுகூடக் குறையவில்லை. மண் கறுப்பாக இருந்தது. ஏரி வண்டல் போல, கீரைக்கு நல்லது என்று மகளிடம் சொன்னவனும் நான்தான். கடைசி இரண்டு லோடு மட்டும் செம்மண்ணாகக் கேட்டு வாங்கினேன். பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று. அதன்மேல்தான் வீடு எழும்பியது.

பாபினை மேசைமேல் வைத்துவிட்டு, நான் எண்ணி அடித்தது எங்கள் மில் மண் என்று மகளிடம் சொன்னேன்.

"ஆறு மாசமா அந்தக் கீரையத்தாம்பா ஆக்கறேன். உங்களுக்கும் கட்டு கட்டி குடுத்தேன். போர் தண்ணியும் அங்கதான்."

லாரிக்காரன் முருகேசனுக்குப் போன் செய்தேன். ஒளிக்காமல் சொன்னான்.

"ஆமா சார், மில்லு மண்ணுதான். தொலைவா ஒரு எடத்துல கொட்டச் சொன்னாங்க. டீசல் விக்கிற வெலையில அவ்ளோ தூரம் யாரு போறது? உங்க எடம் கிட்ட இருந்துது. நீங்கதான நின்னு எண்ணி வாங்கினீங்க?"

"வீட்டைச் சுத்தி இருக்கறதையாவது திரும்ப எடுத்துட்டுப் போ முருகேசா."

"தாராளமா எடுத்துக்கறேன் சார். நம்ம தவளக்குப்பம் பக்கம் ஒருத்தர் மனைக்கு மண்ணு கேட்டு நச்சரிக்கிறாரு. அங்க அடிச்சிடலாம்."

மகள் என் கையிலிருந்து போனை வாங்கி, "வேணாம்ணா, இருக்கட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "அங்கயும் ஒருத்தி கீரை போடுவாப்பா" என்றாள்.

மண் அங்கேயேதான் இருக்கிறது. யாரிடம் சொல்வது, யார் எடுப்பார்கள், எங்கே போடுவார்கள் என்று ஒவ்வோர் அலுவலகமாக ஏறிக்கொண்டிருக்கிறேன். கீரையைப் பிடுங்கியாயிற்று. குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர். குளிக்க அதே போர் தண்ணீர்தான், வேறு வழியில்லை. கண்ணாடி தம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறேன். பளிங்கு போல இருக்கிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மில்லின் புகைபோக்கி போயிற்று, சங்கு போயிற்று, கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள். வாய்க்காலுக்கு மேல் சிமெண்ட் பலகை போட்டு நடைபாதையாக்கிவிட்டார்கள். இன்று என்ன கொட்டியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் பெண்களும் அந்தத் தெருவில் இல்லை. மழை பெய்தால் நான் பஸ் பிடித்து அரியாங்குப்பம் போகிறேன். மகள் வீட்டு வாசலில் தேங்கிய தண்ணீரின் பக்கத்தில் குடையோடு குந்தி, என்ன நிறம் என்று பார்க்கிறேன். மேலே செம்மண் இருப்பதால் சிவப்பாகத்தான் தெரிகிறது.