மத்தியானத்து விருந்தாளி

எங்கள் மகன் கோலாலம்பூரில், ஸ்மார்ட் சிட்டி வீடுகளுக்குக் கருவிகள் பொருத்தும் கம்பெனியில் வேலை பார்க்கிறான். போன தீபாவளிக்கு வந்தவன், தேயிலைத் தோட்டத்தில் உள்ள எங்கள் லைன் வீட்டிலும் ஒன்றை மாட்டிவிட்டுப் போனான். குரலையும் நடையையும் வைத்து ஆளைத் தெரிந்துகொண்டு, அவரவருக்குப் பிடித்த மாதிரி நடந்துகொள்ளும். நான் நுழைந்தால் விளக்கு பளிச்சென்று எரியும். திரிங்காப்பிலிருந்து காய்கறி லோரி ஓட்டிவிட்டுத் திரும்பும் என் கணவருக்கு ஹீட்டர் சூடாகும், பழைய பாட்டு ஒலிக்கும்.

மழைக்காலத்தில் ஒரு நாள் அவர் கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.

“இங்க பாரு. அந்தக் கருவி வீட்ல மூணு பேருன்னு காட்டுது.”

அவர், நான், எங்களுக்குக் கீழே ‘தெத்தாமு’. மலாயில் விருந்தாளி. அந்த விருந்தாளி மத்தியானத்தில் மட்டும் வருமாம். இருட்டும் குளிரும் பிடிக்குமாம், பாட்டு பிடிக்காதாம்.

“மத்தியானத்துல நான் மட்டுந்தானே இருக்கேன்,” என்றேன். சொன்ன பிறகுதான் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தேன்.

அவர் கோயிலுக்குப் போய் விபூதி வாங்கி வந்து நிலையில் பூசினார். மறுநாள் தேயிலை ஃபேக்டரியில் காலை வேலை முடிந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். ஜன்னலில் பனி அப்பியிருந்தது. கொஞ்ச நேரத்தில் விளக்கு தானாக அணைந்தது. “செலாமாட் டாத்தாங், தெத்தாமு,” என்று கருவி யாரையோ வரவேற்றது. செருப்புகூடப் போடாமல் வெளியே ஓடினேன்.

மகனுக்குப் போன் போட்டோம். கருவி சேமித்து வைத்திருந்த ஒலியை அவன் கேட்டுவிட்டுக் கூப்பிட்டான்.

“ம்மா, அது உங்க குரல்தான். ஆனா நீங்க பேசற மாதிரி இல்ல.”

எனக்கும் அனுப்பினான். முதலில் நான் கேட்கிறேன்: “சாப்டியா?” பிறகு மெலிந்த, இழுத்த ஒரு குரல்: “பசிக்கலக்கா. கண்ணு கூசுது, லைட்ட அணை.” கூடவே ஒரு காலைத் தேய்த்து நடக்கும் சத்தம்.

எங்களோடு இருந்து, போன வருடம் கருவி மாட்டும் முன்பே இறந்துபோன என் தங்கை அப்படித்தான் பேசுவாள், அப்படித்தான் நடப்பாள். இதில் ஒரு வார்த்தைகூட நான் பேசியதாக நினைவில்லை.

“நீங்களும் விருந்தாளியும் ஒரே ஆளுன்னு கருவியில மாத்திடவா?” என்று மகன் கேட்டான்.

“வேணாம்லா. இருந்துட்டுப் போகட்டும்.”

பக்கத்து ஊரான கம்போங் ராஜாவில் டாக்டரைப் பார்த்தோம். துக்கம் அப்படியும் வெளிவரும் என்றார், மாத்திரை கொடுத்தார். அதன்பின் பல நாள் விருந்தாளி வரவில்லை.

போன வாரம் என் கணவர் வேலையிலிருந்து சீக்கிரமே திரும்பினார். வீடு இருட்டாக இருந்திருக்கிறது. வாசலிலேயே நின்று, “உள்ள யாரு?” என்று கேட்டாராம். நான் அந்த இழுத்த குரலில் ஏதோ பதில் சொன்னேனாம்.

என்ன சொன்னேன் என்று இதுவரை அவர் எனக்குச் சொல்லவில்லை.