ஊட்டுல ஒண்ணு, ஓட்டுல வேற

"ஊராட்சியே இப்ப இல்லீங்களே, அது போட்ட தீர்மானம் மட்டும் எப்படிங்க இருக்கும்?" என்று போன வாரம் மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். மரியாதைக்குக் குறைவில்லை, எங்கள் பக்கம் கதவைச் சாத்தும்போதும் 'ங்க' போட்டுத்தான் சாத்துவார்கள். செத்தவர் எழுதிய உயில் செல்லும், செத்த ஊராட்சி போட்ட தீர்மானம் செல்லாதா? இது எனக்குப் படியிறங்கும்போதுதான் தோன்றியது. என் நல்ல கேள்விகளெல்லாம் படியிறங்கும்போது தோன்றுகிறவைதான்.

வாசலில் சாக்கடையிலிருந்து சாய வாடை வந்தது. அந்தக் காரமான நெடி மூக்கில் ஏறினால் போதும், எனக்கு ஒரு மே தினம் ஞாபகம் வந்துவிடும்.

பொங்கலூர் போகும் வழியில் எங்கள் ஊர். ஊரை ஒட்டி ஒரு ஓடை, பள்ளம் என்போம். அதன் கரையில் சாயப்பட்டறை ஒன்று வரப் பார்த்தது. கழிவு பள்ளத்தில் விழுந்தால் பக்கத்துக் கிணறு கெடும். தெற்கிலிருந்து பிழைக்க வந்த நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான்.

அன்று பனியன் கம்பெனிகளுக்கு லீவு. பஞ்சு ஒட்டாத சட்டையில் சனங்களைப் பார்ப்பதே அபூர்வம். பள்ளிக்கூட மைதானத்தில் கிராம சபைக்கு அத்தனை பேரும் வந்திருந்தார்கள். நான் கல்லூரியில் இருந்தேன், கையில் மைக் கிடைத்தால் நாட்டைத் திருத்திவிடலாம் என்று நம்பிய காலம். மைக் கிடைக்கவில்லை, நாடு தப்பித்தது.

தலைவர் சரசக்கா. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷினில் இருந்தவர், பெண்களுக்கான இடத்தில் நின்று ஜெயித்தார். ஆனால் ஊரில் 'தலைவர்' என்றால் அவர் வீட்டுக்காரர், சரசக்கா 'தலைவரம்மா'. ஜெயித்தவர் அம்மாவாகி, அவரைக் கட்டியவர் தலைவராகும் இந்த இலக்கணத்தை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்களோ! அன்றும் வீட்டுக்காரரே நடு நாற்காலியில் உட்கார்ந்து, "பட்டறை வந்தா நாலு பேருக்கு வேலைங்க" என்று தொடங்கிவிட்டார். சரசக்கா ஓரமாக நின்றார்.

எங்கம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏன் தம்பி, நாங்க ஓட்டுப் போட்டது சரசுக்குல்லா? நீங்க எதுக்கு அங்க இருக்கிய?"

சிரிப்பு. அவர் சளைக்கவில்லை. "ஏனுங்க, அவ வேற, நான் வேறயாங்க?"

சரசக்கா மைக் இல்லாமலே சொன்னார்: "ஊட்டுல ஒண்ணுதானுங்க மாமா. ஓட்டுல வேற. எந்திரிங்க."

எழுந்தார். சரசக்கா உட்கார்ந்தார். பட்டறைக்கு அனுமதி வேண்டாம் என்றவர்கள் கையைத் தூக்கினார்கள். மைதானம் முழுக்கக் கைகள்; தீர்மானம் நிறைவேறியது. அன்று போன பட்டறைக்காரர், ஊராட்சி இருந்தவரை இந்தப் பக்கம் வரவில்லை. அடுத்த வாரமே டீக்கடையில், "வாங்க, தலைவர் ஊட்டுக்காரரே!" என்று கேலி கேட்டது. அவரும் சிரித்துக்கொண்டுதான் டீ குடித்தார்.

பிறகு பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் வரும் என்றிருந்தோம். ஊரையே மாநகராட்சியில் சேர்த்தாகிவிட்டது என்ற செய்திதான் வந்தது. வரி ஏறியது. ஒரு குழாய் கூடவில்லை, ஒரு விளக்கு கூடவில்லை. சேர வேண்டுமா என்று ஒருவரும் எங்களைக் கையைத் தூக்கச் சொல்லவில்லை. அதிகாரத்தை மக்களிடம் கொண்டுபோகிறோம் என்று மேடைதோறும் பேசுகிறவர்கள், எங்களிடம் இருந்த ஒரே ஒரு கைப்பிடி அதிகாரத்தையும் பிடுங்கிக்கொண்டு அதற்கு வளர்ச்சி என்று பெயர் வைத்தார்கள். கிராம சபை போயிற்று. பட்டறை திரும்பி வந்துவிட்டது; கழிவுக் குழாய் பதிக்கப் பள்ளத்தை நோக்கி மண் வெட்டுகிறார்கள்.

சரசக்கா மறுபடி ஓவர்லாக்கில் இருக்கிறார். ஷிப்ட் விட்டதும் போய், அலுவலகத்தில் கேட்டதைச் சொல்லி, மறுபடி ஊரைக் கூட்டச் சொன்னேன்.

"நான் இப்பத் தலைவர் இல்லையே கண்ணு. கூட்டினா செல்லுமா?"

"நகரத்துக்கும் கிராம சபை மாதிரி பகுதி சபைன்னு சட்டத்துலயே இருக்குங்கக்கா. கூட்டத்தான் ஆளில்ல."

"அப்ப நீயே கூப்புடு. நான் வந்து உக்காந்துக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதே மைதானத்தில் சபை; காலையில் கதவு கதவாகத் தட்டப்போகிறேன். தமிழில் ஒருமுறை, எதிர் வரிசையில் குடியிருக்கும் ஒடிசாக்காரர்களிடம் கம்பெனியில் பழகிய என் இந்தியில் ஒருமுறை. அந்த மே தினத்தன்று மைதானத்தில் அவர்கள் இல்லை, குடிப்பது அதே கிணறு. திங்களன்று கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, சபையில் கை தூக்குகிறவர்கள் எல்லோருமாக அந்த அலுவலகத்துக்கு நடக்கிறோம். குழாய் பள்ளத்தைத் தொடுவதற்குள் போய்ச் சேர வேண்டும்.