நீல வானத்துக்குப் பின்னால்

போன வாரம் தம்பியின் பேத்தி கொடைக்கானல் போய்விட்டு வந்து கைபேசியில் படம் காட்டினாள். ஏரி பளிச்சென்று இருந்தது, மேலே நீல வானம். இந்த வெயில் உனக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். "ஒரே பனி, அத்தைப்பாட்டி. நான்தான் அழிச்சேன்" என்று விரலால் ஒரு தட்டுத் தட்டிக் காட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐம்பதுகளின் கடைசியில் தொடங்கி, கல்யாணமாகித் திண்டுக்கல் வரும்வரை, அந்த வேலையைத்தானே நான் சம்பளமில்லாமல் பார்த்தேன்.

கொடைக்கானல் பஜாரில் அப்பா ஸ்டுடியோ வைத்திருந்தார். முன்பக்கம் அவரும் கேமராவும். பின்னறையில் நான், ஒரு ஜன்னல், பஞ்சு, சாயக் குப்பிகள். படம் கழுவும் ஹைப்போ மருந்தின் வாடையோடு அம்மா நெற்றியில் தேய்க்கும் தைல வாடையும் கலந்து வரும். இப்போதும் யாராவது ஜலதோஷத்துக்குத் தைலம் தேய்த்தால் என் கை தூரிகையைத் தேடும், சிரிக்காதீர்கள். அந்தக் காலத்தில் படம் கறுப்பு வெள்ளைதான். அதன்மேல் வண்ணம் தீட்டுவது என் சோலி. சீசனுக்கு மலையேறி வந்தவர்களுக்குப் படத்தில் பனி இருந்தால் முகம் வாடிப்போகும். அதனால் எல்லோருக்கும் நீல வானம் என்பது எங்கள் கடை வழக்கம். பனி மறைத்த மலையையும் நானே போட்டுவிடுவேன். நான் போட்ட மலைகளைச் சேர்த்தால் இன்னொரு கொடைக்கானல் கட்டலாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஏரிக்கு நான் போனதே அபூர்வம். வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்றது. ஏரி என்னவோ நடக்கிற தூரம்தான். ஆனால் எனக்கு அந்த ஜன்னலும் எதிர்ச்சுவருமே ஊர். பனி இறங்கினால் அந்தச் சுவரும் போய்விடும். மூச்சு முட்டும். சில நாள் அழுதுவிடுவேன். "படத்துல தண்ணி பட்டுரும் தாயி" என்பார் அப்பா. பொல்லாதவர் இல்லை. அவர் கண்ணுக்குப் படம்தான் முதலில் தெரியும்.

ஒரு கோடையில் ஊர்ப் பெரியவர்கள் சிலர் சேர்ந்து பொழுதுபோக்குக் கலைகளுக்கென்று கண்காட்சி வைத்தார்கள். போட்டோவுக்கு ஒரு மேசை, கைவேலைக்கு ஒரு மேசை. நானும் ஒன்று வைக்கட்டுமா என்று அப்பாவை நச்சரித்தேன். "பிரைஸ் வாங்கிட்டு வா. கேமராவைத் தாரேன், ஏரிக்குப் போய் நீயே எடு" என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அப்பா கழித்துப்போட்ட படங்களில் ஒன்றை எடுத்தேன். முழுக்கப் பனி. நடுவில் மங்கலாக ஒரு படகு, அதில் யாரோ ஒரு பெண் தனியாக. பனியை நான் தொடவில்லை. அவள் சால்வைக்கு மட்டும் சிவப்பு வைத்தேன். இது போதும், இதற்குமேல் ஒன்றும் வேண்டாம் என்று தோன்றியதும் தூரிகையைக் கழுவி வைத்தேன். நல்ல சட்டம் தர அப்பாவுக்கு மனசில்லை. ஒரு பழைய சட்டத்தைக் கொடுத்தார். அதன் கீறலை மறைக்கக் கொல்லைச் சுவரில் முளைத்த பெரணி இலைகளைக் காயவைத்துச் சுற்றிலும் ஒட்டினேன். ஒட்டியது ஒரு மத்தியான வேலை, அவ்வளவுதான்.

போட்டோ மேசையில் ரிட்டையரான இன்ஜினியர் ஒருவர் இருந்தார். அப்பா எடுத்தது, நான் தீட்டியது என்றேன். கேமரா செய்வதுதான் போட்டோக் கலை, கையால் சாயம் வைத்தால் அது கைவேலை என்று அடுத்த மேசையைக் காட்டினார். அங்கே ஒரு டீச்சரம்மா. மிஷின் எடுத்த படம் எப்படிக் கைவேலையாகும் என்று திருப்பி அனுப்பினார். இரண்டு மேசைக்கும் நடுவில் படத்தை அணைத்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்தும் பின்னறைக்குள்ளேயே நிற்கிற மாதிரி இருந்தது. டீச்சரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. கூப்பிட்டுச் சட்டத்தைத் தடவிப் பார்த்தார். "பெரணி வேலை அழகா இருக்கும்மா. இதை எடுத்துக்கிறேன்" என்றார். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

முதல் பரிசே வந்தது, சட்டத்துக்கு. வீட்டுக்கு ஓடிவந்து பரிசுச் சீட்டை நீட்டினேன். அப்பா நிதானமாகப் படித்தார்.

"சட்டத்துக்குத்தானே தாயி குடுத்திருக்காங்க. கேமரா என்னத்துக்கு?"

அவர் சொன்னதில் தப்பும் இல்லை, அதுதான் ஆத்திரம்.

பரிசு பெற்ற சட்டம் கடை முகப்புக் கண்ணாடிக்குள் போனது. உள்ளே என் படம் இல்லை. நான் எப்போதும் தீட்டும் நீல வான ஏரி ஒன்றை அப்பா மாட்டினார். அது சட்டத்துக்குள் லேசாக ஆடியது. என் பனிப்படத்தையே பின்னால் ஆடாதபடி அண்டக்கொடுத்து ஆணி அடித்தார். ஆணியை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தது நான். அந்த சீசனிலேயே மதுரைக்காரர் ஒருவர் ஆசைப்பட்டுச் சட்டத்தோடு வாங்கிக்கொண்டு போனார்.

ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது சாக்லேட் கடையாம். பின்னறை ஜன்னலை அடைத்துவிட்டார்களாம், பேத்தி பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அப்பா போய்விட்டார், அந்தக் கேமரா எங்கே போனதோ தெரியாது. மதுரையில் ஏதோ ஒரு சுவரில் அந்தச் சட்டம் இன்னும் தொங்கினால், பெரணி உதிர்ந்திருக்கும், நான் வைத்த நீலமும் வெளுத்திருக்கும். அதற்குப் பின்னால் அவள் படகில் அப்படியே உட்கார்ந்திருப்பாள். வெளிச்சமே படாததால் அந்தச் சிவப்பு மட்டும் வெளுத்திருக்காது.