ரப்பர்ப் பால் அடைத்த டின்

விரிசல் விட்ட டப்பாவைக் கடையில் கொடுத்து, காசின்றிப் புதியதொன்றை மாற்றி வந்தாள் என் மருமகள். "ஆயுசுக்கும் வாரண்டி மாமா!" என்றாள். மூடியின் ரப்பர் வளையத்தை முகர்ந்தேன். மலாயாவில் ரந்தாவ் அருகே நாங்கள் வாழ்ந்த ரப்பர்த் தோட்டம் நினைவில் எழுந்தது.

அது, காட்டில் ஒளிந்து போரிட்ட கம்யூனிஸ்டுகளை ஒடுக்க ஆங்கிலேயர் அறிவித்த அவசரகாலம். உணவுப்பொருள் காட்டிலிருந்தோர் கைக்குப் போய்விடலாகாது என்பதால், எந்த டின்னையும் ஓட்டையிட்டே விற்க வேண்டும் என்பது சட்டம். ஓட்டை இருந்ததால் காலியான டின்னும் எங்களுக்கு உதவவில்லை. பங்கீட்டுச் சீனியை எறும்புகள் தின்றன. கைக்குழந்தையான தம்பியின் பால் பல நாள் இனிப்பின்றிப் போயிற்று.

ஒருநாள் பால் வெட்டித் திரும்பிய அம்மா, பால்மாவு டின்னின் அடியிலிருந்த ஓட்டையில் சிறிது ரப்பர்ப் பாலை ஊற்றி வெயிலில் உலர்த்தினார். மறுவாரம் அந்த டின்னையே ஏந்திச் சீனி வாங்கச் சென்றார். கடைக்கார நானா சிரித்துவிட்டார்.

"என்னம்மா இது, எத்தனை நாளைக்குத் தாங்கும்?"

"நான் பால் வெட்டுற வரைக்கும் தாங்கும் நானா. பிஞ்சா மறுநாளே புதுப் பால் ஊத்திருவேன். நீங்க பாட்டுக்குக் குத்துங்க, நான் அடைச்சுக்கிறேன்!"

அன்றுமுதல் தம்பியின் பால் இனித்தது. அம்மா வேலையிலிருந்து நிற்கும்வரை, அந்த டின்னுக்கு இரண்டே முறைதான் புதுப் பால் தேவைப்பட்டது.

மருமகள் கொணர்ந்த டப்பாவில் நானே சீனியைக் கொட்டி, இறுக மூடி வைத்தேன்.