டிராகோனியன் டீச்சரும் என் மல்லிகையும்

இன்று என் பிறந்தநாள். அம்மா கட்டித்தந்த மல்லிகைச் சரத்தோடு பள்ளிக்குப் போனேன். சடையில் பூ வைக்கக் கூடாது என்பது எங்கள் பள்ளி விதி. பி.டி. டீச்சர் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்.

"டிராகோனியன்டி இது!" என்று தோழி கயலிடம் முணுமுணுத்தேன். நேற்றுதான் அகராதியில் பார்த்த சொல்.

டீச்சர் திரும்பிவிட்டார். "என்னடி, இங்கிலீஷ்ல வையிறியா? அர்த்தத்தச் சொல்லு."

பயந்துகொண்டே சொன்னேன். "பழைய ஏதென்ஸ்ல டிராக்கோன்னு ஒருத்தர் சட்டம் எழுதுனாரு டீச்சர். முட்டைக்கோஸ் திருடுனாக்கூட மரண தண்டனையாம். அதான் ரொம்பக் கொடூரமான சட்டத்துக்கு அவர் பேரையே வச்சுட்டாங்க."

"முட்டைக்கோசுக்கு உசுரா! நான் அம்புட்டு மோசமாடி?"

"இல்ல டீச்சர், நீங்க பூவோட விட்டுட்டீங்க" என்றாள் கயல்.

வாசலில் நின்ற வரிசையே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. பூ போனது போனதுதான் என்று நினைத்தேன்.

மாலையில் கேட்டுக்கு வெளியே கூப்பிட்டார். ஈரக் கைக்குட்டைக்குள் என் சரம். காலையில் மொட்டாக இருந்தது, இப்போது முழுக்க விரிந்திருந்தது. அவரே என் சடையில் வைத்துவிட்டார்.

"கேட்டத் தாண்டிட்ட. இங்க என் சட்டம் செல்லாது, போ."

டிராக்கோவை ஒரு வாரம் எங்கள் மதுரைப் பள்ளியில் வேலைக்கு வைத்திருந்தால், அவர் சட்டமும் கொஞ்சம் இளகியிருக்கும். உங்கள் பள்ளியின் டிராக்கோ யார்?