எவ்வளவு இருக்கும், சொல்லுங்க?

என் மனைவி சுமியேவிடம் "கோட்டு நல்லா இருக்கே" என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டால் தொலைந்தீர்கள். நன்றியெல்லாம் சொல்ல மாட்டாள். கண் மின்ன, "எவ்வளவு இருக்கும், சொல்லுங்க பார்ப்போம்" என்பாள். எங்கள் ஓசாகாவில் இது ஊரே ஆடுகிற ஆட்டம். கேட்கப்பட்டவர் விலையைக் கூட்டிச் சொல்ல வேண்டும். வாங்கியவர் அதில் கால்வாசிகூட இல்லாத ஒரு விலையைப் போட்டு உடைக்க, மற்றவர் "அடேயப்பா!" என்று வாயைப் பிளக்க வேண்டும். அதுதான் மரியாதை.

இந்த மரியாதையில் சுமியேவுக்குப் பாதிதான் வரும். வாயைப் பிளக்க வேண்டிய முறை தனக்கு வந்தால், பட்டென்று சரியான விலையைச் சொல்லிவிடுவாள். பக்கத்து வீட்டு ஹாருயே ஆசை ஆசையாகப் புதுக் குடையை விரித்துக் காட்டினாள். இவள், "அறுநூறு யென். ஸ்டேஷனுக்கு எதிர்க்கடை" என்றாள். அந்த மழைக்காலம் முழுக்க ஹாருயே எங்கள் வாசல் பக்கமே திரும்பவில்லை.

"கொஞ்சம் கூட்டிச் சொன்னா உன் சொத்தா போயிடும்?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சதைத் தெரியாத மாதிரி நடிக்க எனக்கு வராதுங்க" என்றாள். முப்பது வருஷம் பஸ் ஓட்டி எத்தனையோ பிடிவாதக்காரர்களைப் பார்த்தவன் நான். இவளை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

கடைக்கு அவளோடு போவதே ஒரு கூத்து. ஆளில்லாத கல்லாவில் மெஷின் "நன்றி" என்றால், "நானே எடுத்து, நானே காட்டி, நானே பையில போட்டுக்கறேன். நன்றி யாருக்கு வேணும்? சம்பளத்தைக் குடு!" என்று அதோடு சண்டைக்கு நிற்பாள். அலமாரியில் விலை தானாக மாறும் புதுப் பலகைகளைக் கண்டால் ஆகாது. "கண்ணெதிர்லயே விலையை மாத்துது, கொஞ்சமாவது வெட்கம் இருக்கா?" என்பாள். விலை ஏறிப்போன அரிசி மூட்டை முன்னால் நின்று அவள் விடும் பெருமூச்சு அடுத்த வரிசை வரை கேட்கும். கைப்பேசியை மட்டும் மன்னித்துவிட்டாள், அது தள்ளுபடிக் கூப்பன் தருகிறதாம்.

போன வசந்தத்தில், டோக்கியோவில் வேலை பார்க்கும் எங்கள் மகன் கோஸ்கேவுக்குக் கல்யாணம் கூடி வந்தது. பெண் மினோரி, தங்கமான பிள்ளை. பெண் வீட்டார் எங்களைப் பார்க்க ஓசாகா வருவதாக ஏற்பாடு. முதல் நாள் இரவு கோஸ்கே போனில் கெஞ்சினான்.

"அம்மா, அவங்க ரொம்ப நாசூக்கானவங்க. நாளைக்கு ஒரே ஒரு நாள் விலைப் பேச்சே எடுக்காதீங்க. உங்க கால்ல விழறேன்."

"நான் என்ன சின்னக் குழந்தையாடா?" என்று சிலிர்த்தாள் சுமியே. ஆனால் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் உணவகத்தில் தனி அறை. மினோரியின் அம்மா இத்சுகோ உட்கார்ந்ததுமே, "உங்க பிளவுஸ் ரொம்ப அழகா இருக்குங்க" என்றார். சுமியே பல்லைக் கடித்துக்கொண்டு, "நன்றிங்க" என்றாள். "கைப்பையும் நல்ல பொருத்தம்." "நன்றிங்க." அதோடு சரி. உள்ளே பொங்குவதை அடக்கி அடக்கி அவள் முகம் கோபக்காரி முகம்போல ஆகிவிட்டது. மீன் வந்தது, சூப் வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. மினோரி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போக, கோஸ்கே பின்னாலேயே ஓடினான். திரும்பி வந்தபோது அவன் முகத்தில் ஈயாடவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் குனிந்து முணுமுணுத்தான்.

"அம்மாவுக்குத் தன்னைப் பிடிக்கலைன்னு நினைக்கிறா. பிடிக்காத வீட்டுக்கு வரமாட்டேன், கல்யாணத்தை நிறுத்திடலாம்னு சொல்றா. அம்மா, பேசுங்கம்மா! எதை வேணா பேசுங்க!"

அந்த நேரம் பார்த்து, பூனை முகம் வைத்த பரிமாறும் ரோபோ தட்டுகளோடு வந்து, வழியில் இருந்த சுமியேவின் கைப்பையை இடித்து நின்று, "வழி விடுங்க மியாவ்" என்றது.

"ஏய், மெதுவா! நானூறு யென் கொடுத்து வாங்கின பை!"

சுமியே வாயைப் பொத்திக்கொண்டாள். இத்சுகோ நிமிர்ந்து உட்கார்ந்தார். "நானூறா? நான் இருபதாயிரம்னு நினைச்சேனே!"

அவ்வளவுதான், மடை திறந்தது. "இது என்னங்க, இந்த பிளவுஸ் எவ்வளவு இருக்கும் சொல்லுங்க?" "எட்டாயிரம்?" "ஐந்நூறு!" "அடேயப்பா!" வாசலில் நின்ற மினோரியைக் கண்டதும் சுமியே எழுந்து ஓடி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன்னைப் பிடிக்காம இல்லடி கண்ணு. இந்தத் தடியன் என் வாயைக் கட்டிப் போட்டுட்டான்!" அழுத பெண் சிரித்தாள். அப்புறம் அரிசி விலை, ஆளில்லாத கல்லா என்று சம்பந்திகள் இருவரும் உலகத்தையே உரித்துப் போட்டார்கள். கல்யாணத் தேதியும் குறித்தாகிவிட்டது.

மாலை வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போனோம். ரயில் ஏறப்போன இத்சுகோ தயங்கினார். கழுத்துத் துணியை விரித்து, புதுப் பெண்போல் வெட்கப்பட்டார்.

"காலையில சீக்கிரமே வந்துட்டோம், உங்க கடைத்தெருவுல வாங்கினேன். இது... எவ்வளவு இருக்கும், சொல்லுங்க?"

முந்தின நாள்தான் அதே துணியைக் கூடையிலிருந்து எடுத்து, "முந்நூறு யென்னுக்கு இது அதிகம்" என்று திருப்பிப் போட்டிருந்தாள் சுமியே. முடிந்தது, குடைக் கதைதான் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

சுமியே துணியைத் தடவிப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள். "பட்டு மாதிரி இருக்கே... பத்தாயிரம்?"

"முந்நூறு!" என்று துள்ளினார் இத்சுகோ.

"அடேயப்பா! சும்மா சொல்லாதீங்க சம்பந்தி!" என்று பிளாட்பாரமே திரும்பிப் பார்க்கக் கத்தினாள் என் மனைவி.

வீட்டுக்கு வந்ததும் எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஒளித்து வைத்திருந்த புதுத் தொப்பியை மாட்டிக்கொண்டு, "இது எவ்வளவு இருக்கும், சொல்லு பார்ப்போம்" என்று கேட்டேன்.

அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். "எழுநூத்தி எண்பது. அவங்க சம்பந்தி. நீங்க யாரு?"