இடப்பக்கத்தில் தட்டியவள்

1998 ஜூலை 17, வெள்ளி.

நேற்றைய பதிவில் ஒரு சிறு பிழை. "இடப்பக்கம் வழக்கம்போல் சலேத்தி" என்று எழுதியிருக்கிறேன். சலேத்தி நேற்று வேலைக்கே வரவில்லை.

அப்படியானால் என் பக்கத்தில் நின்றது யார்?

நேற்று பார்த்ததை அசதி என்று தள்ளிவிட்டுத்தான் அப்படி எழுதினேன்; எனக்கே என்மேல் சந்தேகம் உண்டு. அதனால் நடந்த வரிசைப்படியே, கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். இதற்காக இன்று மாலைப் பள்ளி வகுப்புக்குக்கூடப் போகவில்லை.

எங்கள் ஊரில் கம்பெனி என்றால் ஒன்றுதான். ஆற்றங்கரையில் ஒரு கொட்டகை, நாளுக்கு ஐந்தாறு பன்றி வெட்டுவது என்று ஆரம்பித்ததாம். பிறகு கோழி வந்தது. கொட்டகையைச் சுற்றி ஒரு கூடம், அதைச் சுற்றி இன்னொன்று என்று வளர்ந்துகொண்டே போனது. இப்போது எங்கள் கோழி ஜப்பானுக்கும் சவூதிக்கும் கப்பலேறுகிறது. வாசலில் பெரிய எழுத்தில் இருக்கும்: 'தொடங்கிய நாள் முதல் எங்கள் வரிசை நின்றதில்லை.'

நான் நிற்கும் முதல் மேசை, அந்தப் பழைய கொட்டகை இருந்த இடத்தில். ஜன்னல் கிடையாது. பகலா இரவா தெரியாது. குளிரில் முகமூடியைத் தாண்டி மூச்சு புகையும். கொக்கிகளில் கோழிகள் வந்துகொண்டே இருக்கும்; இதுதான் அந்த 'வரிசை'. இறக்கி, தொடையில் கத்தி விட்டு, எலும்பை உருவ வேண்டும். எல்லோருக்கும் வெள்ளை உடுப்பு, தொப்பி, முகமூடி, காதில் அடைப்பான். கண்ணை வைத்துத்தான் ஆள் அடையாளம்.

பேச முடியாது. அதனால் தட்டுவோம். கத்திப் பிடியால் மேசையில் இரண்டு தட்டு தட்டினால், 'கழிப்பறைக்குப் போகிறேன், என் இடத்தைப் பார்த்துக்கொள்.' பக்கத்திலிருப்பவள் ஒரு தட்டு தட்டினால், 'போ.' சத்தம் கேட்காது. மேசை அதிர்வது கையில் தெரியும், அவ்வளவுதான். பதில் தட்டியவள் இரண்டு பேர் கோழியையும் வெட்ட வேண்டும். பதில் வராமல் யாரும் நகர மாட்டோம். பதில் தட்டாமல் இருந்தவளும் கிடையாது.

என் வலப்பக்கம் நேய்வா. ஐந்து மாதக் கர்ப்பம், அடிக்கடி தட்டுவாள். இடப்பக்கம் சலேத்தி. புருஷன் இல்லை, மூன்று பிள்ளைகள், கம்பெனி வீடு. வேலை போனால் வீடும் போகும். இந்த மாதம் ஆள் குறைப்பு என்ற பேச்சு வந்ததிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை.

புதன்கிழமையே அவளுக்கு உடம்பு கொதித்தது.

"ஒருநாள் லீவு போடேன்க்கா."

"போட்டுட்டு? நாலு பேரும் உங்க வீட்ல வந்து படுத்துக்கவா? உங்கம்மா சோளமாவுப் பொலெண்டா கிண்டியே செத்துடும்."

நேற்று நான் தாமதம். ஓடிப்போய் என் இடத்தில் நின்றேன். இடப்பக்கம் ஒருத்தி இருந்தாள். சலேத்தி என்றே நினைத்தேன். ஏன் நினைக்க மாட்டேன்?

சூப்பர்வைசர் அடெல்மோ பின்னால் வந்து கத்தினார். "ஞாயித்துக்கிழமை உலகக் கோப்பை ஃபைனல்ல தோத்த நம்ம பசங்க மாதிரி நிக்காதீங்கடி! கை நகரட்டும்!"

ஒன்பது மணி இருக்கும். முதலில் அவள் கையைப் பார்த்தேன். கம்பி வலைக் கையுறை இல்லை. வெறுங்கை. விரல்கள் நீலம்...

கத்தியின் பிடி மரம். மரப்பிடியைச் சுகாதார ஆய்வாளர்கள் ஒழித்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

அவள் முகமூடியில் புகை வரவில்லை.

டொக். டொக்.

கேட்டது. காதில் அடைப்பான் இருந்தும்... தெளிவாகக் கேட்டது.

என் கை யோசிக்கவில்லை. பழக்கம். ஒரு தட்டு தட்டியது.

அவள் நகரவில்லை. மறுபடி டொக், டொக். நம்பாமல் கேட்பதுபோல்.

மறுபடி ஒரு தட்டு தட்டினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். சலேத்தியின் கண் இல்லை.

கத்தியை வைத்தாள். நடந்தாள். கழிப்பறை அந்தப் பக்கம் இல்லை. அந்தப் பக்கம் சுவர்தான்...

திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. கத்தியும் இல்லை.

கோழிகள் வந்தன. இரண்டு பேருக்கானவை. வெட்டினேன். கை வலிக்கவில்லை. நிறுத்தப் பார்த்தேன்.

கை நிற்கவில்லை.

ஷிப்ட் முடியும்வரை நிற்கவில்லை. அடெல்மோ கடிகாரத்தோடு பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

இன்று காலை சலேத்தி வந்தாள். காய்ச்சல் இன்னும் விடவில்லை. உடுப்பு மாற்றும் அறையில் அவள் பெட்டி திறந்து கிடந்தது.

"பெரிய கெட்டிக்காரிடீ நீ. ஒரே நாள் படுத்தேன். ஒரு ஆளு போதும்னு காட்டிட்டியே."

"அக்கா, சத்தியமா அங்க ஒருத்தி நின்னா..."

"நின்னா. நீதான் நின்ன. என் இடத்துலயும் உன் இடத்துலயும்." பூட்ஸைக் கழற்றி என் காலடியில் எறிந்தாள். "இதையும் போட்டுக்கோ மகராசி. உனக்கு ரெண்டு ஜோடி வேணுமே இனிமே."

அவளுக்கு வேலை போய்விட்டது; திங்கட்கிழமைக்குள் வீட்டையும் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். நேய்வாதான் சொன்னாள்.

அடெல்மோவிடம் போனேன். "நேத்து என் இடப்பக்கம் நின்னது யாரு சார்?"

சிரித்தார். "உன்கிட்டயும் வந்துட்டாளா?"

மேசைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"எங்கப்பா சூப்பர்வைசரா இருந்தப்போ இந்த மேசைக்கு இருபது பேரு. இப்ப எத்தனை? எப்பவும் இதே கதைதான். ஒருத்தி வரமாட்டா. அந்த இடத்துல அவ வந்து நின்னு தட்டுவா. பக்கத்துல ஒரு மக்கு பதில் தட்டும். அன்னைக்கு அந்த மக்கு ரெண்டாளு வேலை செய்யும். மறுநாள் ஒரு ஆளு மிச்சம். கம்பெனி சும்மாவா வளந்துச்சு?"

"அவ யாரு?"

"கொட்டகை நாள்ல இருந்தவ. நெஞ்சு வலின்னு தட்டுனாளாம். ஒருத்தியும் திரும்பலை. விழுந்துட்டா. மேசைக்கு அடியில தள்ளிவிட்டு, ஷிப்ட் முடிஞ்சப்புறம்தான் எடுத்தாங்க." விரலை உயர்த்தினார். "வரிசை நிக்கலை, தெரியுமா? பதில் தட்டுற பழக்கமே அதுக்கப்புறம் பொம்பளைங்க நீங்களா ஆரம்பிச்சதுதான். நல்ல பழக்கம். விட்றாதீங்க."

நாளை சனிக்கிழமை, அரை ஷிப்ட். சீக்கிரம் கிளம்பி, மேசைக்குப் போகும் முன்பே நேய்வாவிடம் சொல்லிவிட வேண்டும்: தட்டுவது நீயா அவளா என்று நிச்சயமில்லை; நீ தட்டினாலும் இனி நான் பதில் தட்ட மாட்டேன்.